ஒரே பேரில் இரண்டு பாட்டா: சபைக்காரரா, பட்டாளத்துக்காரரா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
எங்கள் அப்பாவின் பாட்டா (தாத்தா) பெயர் தாணு என்று வைத்துக்கொள்ளுங்கள் (நாஞ்சில்நாட்டில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்). அவர் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் (மக்கள் பிரதிநிதிகள் சபை) இருந்தவர், முதல் உலகப்போரில் ஈராக்கிலுள்ள பஸ்ராவுக்குச் சண்டைக்கும் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். டிரங்குப் பெட்டியில் ராஜா தலை போட்ட வெள்ளி மெடல் ஒன்று, பின்பக்கம் 1914, 1918. கூடவே ஒரு நோட்டில் '1080 துலாம், சபைக்குத் திருவனந்தபுரம் போனது' என்று ஒற்றை வரி. இரண்டும் ஒரே ஆளா?

பூதப்பாண்டி அண்ணாச்சி:
அது கொல்லம் ஆண்டு தம்பி, மலையாளக் கணக்கு. துலாம் (நம் ஐப்பசி) மாசத்துக்கு 824 கூட்டணும், இங்கிலீஷ் வருஷம் 1904 வரும். பிரஜா சபை முதன்முதலாகக் கூடியதே 1904 அக்டோபரில்தான். வரி கட்டுகிற நிலக்காரர்கள் போன சபை அது, அங்கே உட்கார்ந்த பெரிய மனுஷன் பத்து வருஷம் கழித்துச் சிப்பாயாகச் சேர்ந்திருப்பாரா? பாட்டா பெயரைப் பேரனுக்கு விடுவதுதானே நம் வழக்கம். சபைக்குப் போனது பாட்டா, பஸ்ராவுக்குப் போனது பேரன். சபை நடவடிக்கைப் புத்தகத்தில் தாலுகாவைப் பாருங்கள்.

தக்கலை டீச்சர்:
பேரன் ஒருத்தன்தான் என்று யார் சொன்னது அண்ணாச்சி? நாலு அண்ணன் தம்பி இருந்தால் நாலு பேரும் மூத்த பையனுக்கு அப்பா பெயரைத்தான் விட்டிருப்பார்கள், ஏறக்குறைய ஒரே வயசில் நாலு தாணு. இனிஷியலையும் நம்ப வேண்டாம், சிலருக்கு அது அப்பா, சிலருக்கு வீட்டுப்பெயர், சிலருக்கு ஊர். மாமன் சொத்து மருமகனுக்குப் போகிற மருமக்கள்வழி வீடென்றால் (அதை மாற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926இல்தான் வந்தது) பிரமாணத்தில் (சொத்துப் பத்திரத்தில்) அடுத்தடுத்து வரும் பெயர்களை அப்பா, மகன் என்று வாசித்துவிடாதீர்கள், மாமனும் மருமகனுமாக இருக்கும்.
மெடலின் விளிம்பைப் பாருங்கள். இங்கிலீஷில் நம்பர், ரேங்க், பெயர், ரெஜிமென்ட் குத்தியிருக்கும். பெயர் எத்தனை பேருக்கும் இருக்கலாம், ஒரு ரெஜிமென்டில் அந்த நம்பர் அவருக்கு மட்டும்தான். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினால் செத்தவர்கள் மட்டும்தான் வருவார்கள், உங்கள் ஆள் உயிரோடு ஊர் திரும்பியிருந்தால் அங்கே அகப்படுகிற தாணு வேறு ஆள். அப்புறம், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
லேட்டாகப் பார்த்தேன் டீச்சர், அம்மா நேற்றே தேய்த்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். நல்லவேளை சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் படை) என்பதும் நம்பரில் கடைசி மூன்றும் தெரிகிறது. சபைப் புத்தகத்தில் எங்கள் ஊர் இருக்கிற தோவாளை தாலுகா என்று இருக்கணும், பக்கத்துத் தாலுகா அகஸ்தீஸ்வரம் என்று வந்தால் இத்தனை வருஷம் யாரோ ஒரு தாணுவைக் கொண்டாடியிருக்கிறோம்.