அழிக்காதீர்கள் சித்தப்பா

குழு: நத்தம் வீட்டுச் சொந்தங்கள்

*ஞாயிறு*

சிவா சித்தப்பா, காலை 8:10
எல்லோருக்கும் வணக்கம். ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் ஒன்று வாங்கினேன். விலை 799 ரூபாய்தான். அப்பாவின் மணிவிழா, சதாபிஷேகம், பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் என்று இருந்தது எல்லாவற்றையும் நேற்று ராத்திரி அதில் ஏற்றிவிட்டேன். மொத்தம் 180 ஜிபி. விடிய விடிய ஓடியது. இனி யாருக்கு எந்தப் படம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

ராணி அத்தை, 8:14
ரொம்ப நல்ல காரியம் தம்பி. மணிவிழா கேசட் பூஞ்சை பிடித்துப் போனதே, அதுவும் இருக்கிறதா?

சிவா சித்தப்பா, 8:16
இருக்கிறது அக்கா. கேசட் போனால் என்ன, முன்பே கம்ப்யூட்டரில் மாற்றி வைத்திருந்தேன். லேப்டாப்பில்தான் இடமே இல்லை, சிவப்புக் கோடு காட்டுகிறது. அதனால் இப்போது ஒவ்வொரு ஃபோல்டராக அழித்துக்கொண்டு வருகிறேன்.

கவிதா, 8:17
அழிக்காதீர்கள் சித்தப்பா

கவிதா, 8:17
எதையும் தொட வேண்டாம். போனை எடுங்கள்.

கவிதா, 8:31
சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன். போன வருடம் ஸ்டுடியோவுக்கு நான் வாங்கிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கே ஐயாயிரத்துச் சொச்சம். 2 டிபியை, அதாவது இரண்டாயிரம் ஜிபியை, 799 ரூபாய்க்கு யாராலும் கொடுக்க முடியாது. அந்தப் பென்டிரைவுக்குள் 16 ஜிபியோ 32 ஜிபியோ கொள்ளும் சிப்தான் இருக்கும். அதை நடத்தும் கன்ட்ரோலரில் 2 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதிவைத்து விடுகிறார்கள். கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பிவிடும்.

ராணி அத்தை, 8:33
அப்படியென்றால் நிரம்பியதும் நின்றுவிட வேண்டாமா? தம்பி எல்லாம் ஏறிவிட்டது என்கிறானே.

கவிதா, 8:36
அங்கேதான் ஏமாந்து போகிறோம் அத்தை. குதிர் நிரம்பியபிறகு நெல்லைக் கொட்டினால் வழிவது கண்ணுக்குத் தெரியும். இது வழிவதைக் காட்டாது. சிப் நிரம்பிய பிறகும் "வாங்கிக்கொண்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வருவதைச் சும்மா விட்டுவிடும், இல்லையென்றால் முன்னால் வைத்ததன் மேலேயே எழுதிவிடும். ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் பெரும்பாலும் டிரைவின் முன்பகுதியில் இருக்கும், அதனால் பெயர்கள் பத்திரமாகத் தெரியும். உள்ளே படம் இருக்காது.

கவிதா, 8:38
சித்தப்பா, பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகுங்கள். கழற்றாமல் பார்த்தால் கம்ப்யூட்டர் தன் நினைவில் இருப்பதை எடுத்துக் காட்டிவிடலாம். கடைசியாக ஏற்றிய ஃபோல்டரில் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள்.

சிவா சித்தப்பா, 8:52
பெயர் எல்லாம் இருக்கிறது. திறந்தால் ஒன்றுகூட வரவில்லை. ஒரே ஒரு படத்தில் பந்தல் வரைக்கும் தெரிகிறது, அதற்குக் கீழே சாம்பல் நிறம். வீடியோ எதுவும் ஓடவில்லை.

சாந்தி சித்தி, 8:53
கவிதா, மணிவிழா ஃபோல்டரைத்தான் காலையில் முதலில் அழித்தார். கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கவிதா, 8:54
ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு அழித்தாரா, வெறும் டெலிட்டா?

சாந்தி சித்தி, 8:55
வெறும் டெலிட்தான் என்கிறார். 12 ஜிபி.

கவிதா, 8:55
அப்படியென்றால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். திறந்து, அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுங்கள். காலி செய்யும் பட்டன் பக்கம் போக வேண்டாம்.

சிவா சித்தப்பா, 9:03
வந்துவிட்டது. வீடியோ ஓடுகிறது. அம்மா கூரைப்புடவையில் நிற்கிறாள்.

ராணி அத்தை, 9:03
முருகா.

பிரபு, 9:20
கவிதா அக்கா, இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. நான் வாங்கியது நல்ல பிராண்ட், 128 ஜிபி. அட்டையில் நொடிக்கு 150 எம்பி வேகம் என்று போட்டிருக்கிறது. காப்பி போட்டால் முதலில் 90 காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 17க்கு இறங்கிவிடுகிறது. 40 ஜிபி ஏற்ற நாற்பது நிமிடம் ஆகிறது. இதுவும் போலியா?

கவிதா, 9:34
இதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது பிரபு. அட்டையை மறுபடி பார், 150 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "வரை" என்று இருக்கும், அதுவும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தைப் பல கம்பெனிகள் அட்டையில் போடுவதே இல்லை. பென்டிரைவில் எழுதும் வேகம் பெரும்பாலும் படிப்பதைவிடக் குறைவு, சிலவற்றில் பத்தில் ஒரு பங்குதான். தொடக்கத்தில் 90 காட்டியதற்குக் காரணம், சிப்பின் ஒரு சின்னப் பகுதியை வேகமாக எழுதும்படி ஒதுக்கியிருப்பார்கள். முதல் சில ஜிபி அதில் போய் விழும். அது நிரம்பியதும் வரும் வேகம்தான் அந்த டிரைவின் உண்மையான வேகம். அதோடு விண்டோஸும் கொஞ்சத்தைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு வேகமாகக் காட்டும்.

நான் ஸ்டுடியோவுக்கு எது வாங்கினாலும் 20 ஜிபிக்குக் குறையாத ஒரே கல்யாண வீடியோவைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன். காப்பி ஓடும்போது வரும் பச்சை வரைபடத்தில் முதல் ஒரு நிமிடத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. அடுத்து அதே அளவுக்கு ஆயிரக்கணக்கான சின்னப் படங்களைப் போடுவேன். நல்ல டிரைவ்கூட சின்னச் சின்ன ஃபைலில் திணறும்.

பிரபு, 9:37
யூ.எஸ்.பி 3.0 பென்டிரைவ் என்றால் 5 ஜிபி வேகம் என்று கடையில் சொன்னார்களே?

கவிதா, 9:43
அது ஜிகாபிட், பைட் இல்லை. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதுவும் போகிற பாதையின் அகலம்தான், வண்டியின் வேகம் இல்லை. யூ.எஸ்.பி 2.0 பாதையில் 480 மெகாபிட், கணக்கில் 60 எம்பி வரும், கைக்குக் கிடைப்பது 35, 40 எம்பிதான். 3.0 பாதையில் நல்ல எஸ்.எஸ்.டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் வேகமான டிரைவ்) 400ஐத் தாண்டும். அந்த 3.0ஐத்தான் பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். புதுப் பெயர் என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதே. 2008இல் வந்த அதே 5 ஜிகாபிட்தான்.

சிவா சித்தப்பா, பிற்பகல் 2:05
நீ போனில் சொன்ன ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டி முடித்தேன். பென்டிரைவைக் காலி செய்துவிட்டு 64,000 எம்பி மட்டும் எழுதச் சொன்னேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. 29 ஜிபி மட்டும்தான் சரி, மீதி தொலைந்தது என்கிறது. எழுதும் வேகம் நொடிக்கு 7.9 எம்பி.

கவிதா, 2:11
உள்ளே இருப்பது 32 ஜிபி சிப். சந்தேகமே இல்லை. இந்த முடிவைப் படம் பிடித்து வையுங்கள், திருப்பி அனுப்பும்போது தேவைப்படும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன், ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஒரு ஜெர்மன் கணினி இதழ் வெளியிட்ட இலவச மென்பொருள். காலி இடத்தில் ஒவ்வொரு ஜிபியாகத் தனக்குத் தெரிந்த தகவலை எழுதும், பிறகு எழுதியதே திரும்ப வருகிறதா என்று படித்துப் பார்க்கும். கொள்ளளவும் தெரியும், சராசரி வேகமும் தெரியும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று இருக்கிறது. முழுதாக எழுதிப் பார்ப்பதுதான் முறை, ஆனால் சித்தப்பாவின் 2 டிபியை இந்த வேகத்தில் நிரப்ப மூன்று நாள் ஆகும். அதனால்தான் 64 போதும் என்றேன். அவசரம் என்றால் 2023இல் வந்த வேலிடிரைவ் இருக்கிறது, டிரைவ் முழுக்கப் பரவலாக 576 இடங்களைத் தொட்டுப் பார்த்துச் சீக்கிரமே சொல்லிவிடும்.

ராணி அத்தை, 2:20
ஆனால் தம்பி, இதற்கு நாலரை நட்சத்திரம் போட்டிருந்தார்கள் என்று நீதானே சொன்னாய்?

சிவா சித்தப்பா, 2:22
ஆமாம் அக்கா. ஆயிரம் பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

கவிதா, 2:40
அத்தை, பார்சல் வந்த அன்றே நட்சத்திரம் போடுகிறார்கள். செருகினால் 2 டிபி என்று காட்டுகிறது, நாலு படம் ஏறுகிறது, ஐந்து நட்சத்திரம். படம் காணாமல் போனது தெரிய மூன்று மாதம் ஆகும், அதற்குள் திருப்பும் நாள் முடிந்துவிடும். நான் ஒற்றை நட்சத்திரக் கருத்துகளைப் புதியதிலிருந்து படிப்பேன். அதோடு, எழுதியிருப்பவர்கள் பென்டிரைவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வேறு பொருளின் விற்பனைப் பக்கத்தில் இதைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள், மேலே டிரைவ் படம் இருக்கும், கீழே செருப்பைப் பாராட்டி இருப்பார்கள்.

போன ஆடியில் ஒருவர் மகளின் கல்யாண வீடியோ வாங்க 16 டிபி எஸ்.எஸ்.டி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அலுமினியப் பெட்டி, கையில் கனமாகத்தான் இருந்தது. அவர் சம்மதத்தோடு திருகைக் கழற்றினோம். உள்ளே விரல் நீளத்துக்குப் பச்சை போர்டு, அதில் போன்களில் போடும் மெமரி கார்டு ஒன்று, அசையாமல் இருக்கப் பசை. கனத்துக்கு ஓர் இரும்புத் தகடு. பிளக்கின் உள்ளே நீல பிளாஸ்டிக், ஆனால் முன்வரிசையில் மின்தொடர்புக்கான சின்னத் தகடு நாலு மட்டும். உண்மையான 3.0 என்றால் அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து சேர்ந்து ஒன்பது இருக்க வேண்டும். அந்த மனிதர் முகத்தை நான் மறக்கவில்லை. சீமந்தப் படங்களை அதில்தான் வைத்திருந்தார், வேறெங்கும் இல்லை.

பிரபு, 2:44
சித்தப்பா, பணம் திரும்ப வராவிட்டால் 1915க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்.

சிவா சித்தப்பா, 2:50
திருப்பி எடுக்க 7 நாள் இருக்கிறது, விண்ணப்பித்துவிட்டேன். கவிதா, நீயே பார்த்து ஒன்று சொல். அதை வாங்குகிறேன்.

கவிதா, 3:05
எடுத்து வைத்துவிட்டு எப்போதாவது பார்க்கத்தானே, உங்களுக்கு எஸ்.எஸ்.டி தேவையில்லை. தெரிந்த கம்பெனியின் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். வேகம் 100 எம்பி, 120 எம்பிதான் வரும், அது போதும். விற்பவர் யார் என்ற இடத்தில் அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வக் கடை இருக்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது பிரபுவோ சித்தியோ வீடியோ எடுக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று என் ஸ்டுடியோவில். ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் கீழே விழும், அதனால்தான் இரண்டு.

*வெள்ளி*

சிவா சித்தப்பா, மாலை 6:15
இரண்டும் வந்துவிட்டன. ஆனால் 1 டிபி என்று சொல்லிவிட்டு 931 ஜிபிதான் காட்டுகிறது. மறுபடியுமா?

கவிதா, 6:18
இது சரிதான் சித்தப்பா. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. 1 டிபி என்றால் 931 வர வேண்டும். 64 ஜிபி என்றால் 59 சொச்சம். இந்தக் குறைவுக்குப் பயப்பட வேண்டாம்.

சிவா சித்தப்பா, 6:40
காப்பி போட்டேன். 34 எம்பி காட்டுகிறது. ஒன்றரை மணி நேரம் ஆகும் என்கிறது.

கவிதா, 6:41
எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? உள்ளே கறுப்பா, நீலமா? நீலம்தான் பெரும்பாலும் 3.0.

சிவா சித்தப்பா, 6:46
கறுப்பு. நிறுத்திவிட்டு, இடப்பக்கம் இருக்கும் நீலத்தில் மாற்றிச் செருகினேன். 108 காட்டுகிறது. அரை மணி.

கவிதா, 6:47
டிஸ்க்கோடு வந்த கேபிளையே எப்போதும் பயன்படுத்துங்கள். போன் சார்ஜர் கேபிள் பலவற்றில் 2.0 கம்பிதான் இருக்கும், எந்தத் துளையில் போட்டாலும் வேகம் வராது.

சிவா சித்தப்பா, 9:10
முடிந்தது. சொன்னபடி எஜெக்ட் கொடுத்துக் கழற்றி, மறுபடி செருகி, கடைசி ஃபோல்டரிலிருந்து திறந்து பார்த்தேன். எல்லாம் வருகிறது. மணிவிழா வீடியோவைக் கடைசி வரை ஓட்டினேன். அப்பா மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுக்கும் இடம் வரைக்கும் இருக்கிறது.

ராணி அத்தை, 9:12
எனக்கு இப்போதே அனுப்பு தம்பி.

கவிதா, 9:13
வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு போய்விடும் அத்தை. நான் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், டிவியில் பாருங்கள். சித்தப்பா, இரண்டாவது டிஸ்க்கிலும் ஏற்றி அதையும் இதே போலத் திறந்து பாருங்கள். அது வரை லேப்டாப்பில் எதையும் அழிக்க வேண்டாம்.

சிவா சித்தப்பா, 9:15
அழிக்கவில்லை. இரண்டாவது இப்போது ஓடுகிறது. புதன்கிழமை திண்டுக்கல் வருகிறேன், கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். ஸ்டுடியோ எத்தனை மணிக்குத் திறப்பாய்?

கவிதா, 9:16
பத்து மணிக்கு. சாப்பிடாமல் வாருங்கள்.