புதுப்பிப்பு: பத்தமடைப் பாய்க் கடைத் தளத்தில் போட்டோ ஏறாத சிக்கல்

கல்யாணப் பாயில் நெய்ய வேண்டிய மணமக்கள் பெயரை வாடிக்கையாளர் எழுதி, போட்டோ எடுத்து ஏற்றும் பக்கம் அது. சின்னப் படம் ஏறுகிறது, புதுப் போன் படம் 413 (அனுப்பியது அளவுக்கு மிஞ்சியது என்ற பிழை) என்று திரும்புகிறது எனக் கேட்டிருந்தேன்.

அந்தப் படம் தளத்தை இயக்கும் பிஎச்பி நிரல் வரை போகவே இல்லை. வாசலிலேயே என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மறித்திருக்கிறது. அதன் இயல்பு வரம்பு வெறும் 1 எம்பி. 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' மதிப்பை 12 எம்பி ஆக்கியதும் 413 போயிற்று. அப்புறம்தான் வேடிக்கை. 5 எம்பி படத்துக்குப் பிழை எண் 1 வந்தது. அது பிஎச்பியின் 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்', அதாவது ஒரு ஃபைலுக்கான வரம்பு, இயல்பில் 2 எம்பி. 9 எம்பி படத்துக்கோ பிழை எண்ணே இல்லை. பெயர், ஊர், போன் நம்பர் உட்பட படிவம் மொத்தமும் காலி! 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' (படிவம் மொத்தத்துக்குமான வரம்பு, இயல்பு 8 எம்பி) தாண்டினால் பிஎச்பி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. லாக்கில் மட்டும் ஓர் எச்சரிக்கை கிடக்கும். என்னைக் கேட்டால் இது அநியாயம்.

சரி, இப்போது ஃபைலுக்கு 10, போஸ்டுக்கு 11, என்ஜின்எக்ஸுக்கு 12 என்று எம்பியில் வைத்து, பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மை ரீலோட் செய்தாயிற்று. கடைக்கார அண்ணாச்சி போனை நீட்டி, "ஏறிட்டுல்லா!" என்றார்.

ஐபோனின் ஹெச்இஐசி வடிவப் படம் ஏறுகிறது, ஆனால் குரோமில் தெரியவில்லை. சர்வரிலேயே ஜேபெக்காக மாற்றப் பார்க்கிறேன்.