மறு: கிராவல் பைக்கிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்,

தார் போடாத கல், மண் சாலைகளில் சைக்கிள் ஓட்டும் விளையாட்டான கிராவல் பைக்கிங்குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, எல்லோரும் கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கல்மேல் யார், எதில், எங்கே ஓட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல் தேடினால் பாதிச் சண்டை குறையும் என்று நினைக்கிறேன். நான் இருப்பது அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம், கிரேட் அலெகனி பாசேஜ் என்ற சைக்கிள் தடத்தில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஓட்டுகிறவன், அதனால் என் பங்குக்கு.

> ஜல்லிச் சைக்கிள் என்றால் எல்லோருக்கும் புரியுமே, எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்?

புரியும், தப்பாகப் புரியும். கட்டட வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஜல்லி என்றாலே முக்கால் இன்ச், ஒன்றரை இன்ச் என்று கருங்கல் உடைசல்தான் கண்ணில் வரும். அதைக் கொட்டிவிட்டு ரோலர் விடாமல் காண்ட்ராக்டர் போய்விட்ட சாலையில் சைக்கிள் ஓட்டியவர் யாரும் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல மாட்டார். அதோடு இணையத்தில் 'ஜல்லியடிப்பது' என்றால் வெட்டியாக அளப்பது என்று உங்களுக்கே தெரியும். வார இறுதியில் ஜல்லி ஓட்டினேன் என்று எழுதினால் எவன் நம்புவான்?

> கிராவல் பைக் என்றே வைத்துக்கொண்டால் என்ன? ஏற்கெனவே தமிழாகிவிட்ட சொல்தானே.

தமிழானதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் கிராவல் என்றால் மனையை மேடாக்க லோடு கணக்கில் அடிக்கிற மண். செய்தித்தாளில் வாரம் தவறாமல் 'கிராவல் மண் கடத்தல்' வரும். பைக் என்றால் மோட்டார் சைக்கிள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் மண் லாரியைத் துரத்திக்கொண்டு புல்லட்டில் போகும் ஆளைத்தான் நினைப்பார். யாழ்ப்பாண நண்பர் சொன்னது போல இலங்கையில் 'கிறவல் றோட்டு' என்பது தார் போடாத சாலைதான், அங்கே அது சரியாகப் பொருந்துகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் மண்ணும் அந்தப் பக்கம் சாலையுமாக இருந்தால் அகராதியில் எதை எழுதுவது?

எனக்குச் சரளைதான் சரி. சரளை என்றால் உருவம் சீராக இல்லாத சிறுகல், அது மண்ணோடு கலந்து கிடப்பது, அந்த நிலம் எல்லாமே மனதில் வருகிறது. கல்லின் அளவு இத்தனை என்று அது அடம்பிடிப்பதில்லை. இந்த விளையாட்டுக்கு அந்தத் தளர்வு தேவை, ஏனென்றால் கிராவல் என்ற ஒரே பெயரில் ஓட்டப்படும் சாலைகள் ஊருக்கு ஊர் வேறு.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா ஊரைச் சுற்றியுள்ள ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் தொடங்கி இன்று அன்பவுண்ட் என்று அழைக்கப்படும் பந்தயம் அங்கேதான், முக்கியப் பிரிவு 200 மைல். மண்ணுக்கடியில் சிக்கிமுக்கிக் கல் நிறைந்து கிடப்பதால் ஏர் பூட்ட முடியாமல் போய், உயரமான புல் வளரும் வெளி இன்றும் அப்படியே இருக்கிறது. அதே கல் சாலையிலும் கிடந்து டயரின் பக்கவாட்டைக் கிழிக்கிறது. மழை பெய்தால் இன்னும் மோசம், களிமண் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. அதை வழித்தெடுக்கப் பெயின்ட் கலக்கும் மரக்குச்சியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இத்தாலியில் சியெனா பக்கத்து வெள்ளைச் சாலைகளோ சுண்ணாம்புப் புழுதி, அங்கே தொழில்முறை வீரர்கள் மெல்லிய டயரிலேயே பந்தயம் ஓட்டுகிறார்கள்.

எங்கள் தடம் மூன்றாவது வகை. மேரிலாந்தின் கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை சுமார் 240 கிலோமீட்டர், 2013இல் முழுதும் இணைந்தது. பழைய ரயில் பாதைகளில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பெரும்பகுதியில் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். காய்ந்திருந்தால் டயருக்கடியில் சரசரவென்று ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான், கல் என்று எதுவும் தட்டுப்படாது. மழை விட்ட மறுநாள் போனால் சாம்பல் நிறப் பசை செயினிலும் சட்டத்துக்கு அடியிலும் தெறித்து ஒட்டும், அன்றே கழுவாவிட்டால் இறுகிப்போய்ப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான்.

இந்த மூன்றாவது தரைக்குத் தனிச் சொல் வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கிரஷரில் இதை 'டஸ்ட்' என்று விற்பார்கள், ஆனால் இதில் தூசு மட்டும் இல்லை, சின்னச் சின்ன உடைசலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இறுகும். 'குருணைக்கல்' என்று சொல்லிப் பார்க்கிறேன். குருணை அரிசியோடு நின்றுவிடவில்லை, வயலுக்குத் தூவும் மருந்துக்கும் 'குருணை மருந்து' என்று கடையில் கேட்டு வாங்குகிறோம், அதனால் கல்லுக்குப் போவது ஒன்றும் பெரிய தாவல் இல்லை. குருணைக்கல் தடம் என்றால் எப்படிப்பட்ட தரை, எந்த டயர் போதும் என்று ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். 'பொடிக்கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுவும் பரவாயில்லை, ஆனால் பொடி என்றதும் இறுகாமல் பறக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

> போக்குவரத்தற்ற பாதை

'டிராஃபிக்-ஃப்ரீ' தடத்துக்கு இது வேண்டவே வேண்டாம். போக்குவரத்து இல்லாத ஊர் என்றால் பஸ் வராத ஊர். ஆட்சியரிடம் மனு கொடுக்கிற விஷயம், யாரும் விரும்பிப் போகிற இடமில்லை. 'மோட்டார் புகா' என்று சுருக்கலாம் என்று பார்த்தால், மிதித்தால் மோட்டார் உதவுகிற மின்சைக்கிள்கள் எங்கள் தடத்தில் ஓடுகின்றன. எனவே இதற்குக் கலைச்சொல்லே தேவையில்லை, 'கார், பைக் வராத தடம்' என்று எழுதினால் முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு சொல் அடித்தே தீரவேண்டும் என்று என்ன கட்டாயம்?

கொங்குப் பக்கத்து நண்பர் 'இட்டேரி' என்றார். படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம், அப்பால் காடுதோட்டம். யாக்கிகேனி ஆற்றை ஒட்டி மலையிடுக்கில் போகும் எங்கள் பழைய ரயில் பாதையை அப்படிச் சொன்னால் இட்டேரிக்குத்தான் நஷ்டம். தவிர, கொங்கு தாண்டினால் விளக்கம் சொல்ல வேண்டும்.

> உருளும் குன்றுகள்

'ரோலிங் ஹில்ஸ்' என்பதை இப்படி அப்படியே பெயர்த்தால், குன்று உருண்டால் கீழே இருக்கிறவன் கதி என்ன ஐயா? 'ஏறி இறங்கும் நிலம்' என்றே எழுதலாம். ஒன்று கவனியுங்கள், ஆற்றுப் பள்ளத்தாக்கில் போவதும் குன்றுகளில் போவதும் காலுக்கு ஒன்றல்ல. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் பாதை போட்டவர்கள் ஆறு வெட்டிவைத்த வழியிலேயே போயிருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து 729 மீட்டர் உயரத்திலுள்ள நீர்பிரி மேடு (மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்தோடும் இடம்) வரை சுமார் 200 கிலோமீட்டர், ஏறுகிறோம் என்பதே பெரும்பாலும் தெரியாது. அதைத் தாண்டியதும் பிக் சாவேஜ் குகைப்பாதை, ஒரு கிலோமீட்டர் நீளம், குளிர்காலத்தில் கதவை அடைத்துவிடுவார்கள். அங்கிருந்து கம்பர்லாந்து வரை ஒரே இறக்கம். கேன்சஸில் அப்படியில்லை, ஒரு மேடு ஏறி இறங்கியதும் அடுத்தது நிற்கும், மாலை வரை இதே கதை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தார் போடாத தரை மட்டும்தான், அதனால் விளையாட்டின் பெயரும் தரையிலிருந்து வருவதே நியாயம்.

வண்டிக்கு 'சரளைச் சைக்கிள்'. பாடநூலுக்கு வேண்டுமானால் 'சரளை மிதிவண்டி', இலங்கையில் துவிச்சக்கரவண்டி என்று மாற்றிக்கொள்ளட்டும், முன்சொல் மாறாமல் இருந்தால் போதும். 'மலைச் சைக்கிள்' என்று சிலர் கலந்து எழுதுகிறார்கள், அது வேறு: இதற்குப் பந்தயச் சைக்கிள் போலக் கீழே வளைந்த கைப்பிடி, டயர் மட்டும் 40 மி.மீ. பக்கம் அகலம், பெரும்பாலும் அதிர்வுதாங்கி கிடையாது. போகிற வழி 'சரளைத் தடம்', போட்டி 'சரளைப் பந்தயம்'. ஓட்டுவதற்கு 'சரளையோட்டம்' என்று வைத்திருக்கிறேன், ஆனால் இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, கால் வைத்து ஓடுகிறவர்களும் அதே தடத்தில் இருக்கிறார்கள். நல்லதாகக் கிடைத்தால் சொல்லுங்கள்.

மற்றவற்றுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வரும் ஞாயிறு இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றுகிற அந்தப் பால் மாதிரியான திரவத்துக்கு என்ன பெயர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கேயே ஆரம்பித்தால் தீபாவளி வந்துவிடும்.