விம்மிலிருந்து சொந்த சர்வருக்கு அனுப்பிய கோடு: சில லிங்க்கில் மட்டும் 403

சத்துவாச்சாரி:
விம் எடிட்டரில் (கோடு எழுதும் மென்பொருள்) பத்துப் பதினைந்து வரியைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக வாடகை சர்வருக்கு அனுப்பி லிங்க் எடுக்கிறேன். சர்வரில் உபுண்டு, வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். வரிகளை அனுப்பினால் ஸ்கிரிப்ட் எம்கேடெம்ப் கட்டளை மூலம் தற்காலிக ஃபைல் உண்டாக்கி, ஃபைலை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் -ஏ போட்டு ஏற்றுகிறது. அந்த லிங்க் 403 (அனுமதி இல்லை) என்கிறது. முழு ஃபைலைப் பெயர் சொல்லி அனுப்பினால் திறக்கிறது. ராணிப்பேட்டையில் உள்ள நண்பருக்கும் இதே கதை. திறக்கும் லிங்க்கிலும் பைத்தான் ஃபைல் டவுன்லோட் ஆகிவிடுகிறது. டெக்ஸ்ட் ஃபைலில் தமிழ்க் கமெண்ட் எல்லாம் குப்பை எழுத்து. ஃபயர்வால் காரணமாக இருக்குமா?

காட்பாடி:
ஃபயர்வால் இல்லை நண்பரே. 403 என்பதே என்ஜின்எக்ஸ் கொடுத்த பதில்தான். முழு ஃபைல் திறப்பதால் ஃபோல்டர் பர்மிஷனும் சரி. மிச்சம் இருப்பது எம்கேடெம்ப். அது உண்டாக்கும் ஃபைலுக்கு 600 பர்மிஷன், அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம். -ஏ போட்டால் ஆர்சிங்க் அந்த 600-ஐ அப்படியே சர்வருக்குக் கொண்டுபோகும். அங்கே என்ஜின்எக்ஸ் வேறு பயனராக ஓடுவதால் படிக்க முடியாது. எரர் லாக்கில் '13: பர்மிஷன் டினைடு' இருக்கும், பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆர்சிங்க்கில் பர்மிஷனை மாற்றும் சிஎச்மாட் ஆப்ஷனுக்கு எஃப்644 என்று மதிப்பு கொடுங்கள் (644 என்றால் எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டுமே மாற்றலாம்). ஏற்கெனவே ஏறியவற்றுக்கு சர்வரில் ஒருமுறை 644 போட்டால் போதும். அவசரத்தில் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட வேண்டாம். சர்வரில் உள்ள எந்த ப்ரோகிராமும் உங்கள் கோடை மாற்றி எழுதிவிடலாம்.

டவுன்லோட் ஆவது வேறு பிரச்சினை. என்ஜின்எக்ஸின் மைம் பட்டியலில் (எந்த ஃபைல் என்ன வகை என்ற பட்டியல்) பைத்தான் இல்லை, அதனால் ஆக்டெட்-ஸ்ட்ரீம், அதாவது வகை தெரியாத ஃபைல் என்று அனுப்புகிறது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் இந்த லிங்க்குகளுக்கான லொகேஷன் பிளாக்கில் டைப்ஸைக் காலியாக விட்டு, டிஃபால்ட் டைப்பை டெக்ஸ்ட்/ப்ளெயின் ஆக்கி, சார்செட் யூடிஎஃப்-8 போடுங்கள். தமிழும் இதிலேயே சரியாகும். பிரவுசர் ஃபைல் வகையைத் தானாக ஊகிக்காமல் தடுக்கும் நோஸ்னிஃப் ஹெடரையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் எச்டிஎம்எல் கோடு பகிரும்போது சில பழைய பிரவுசர்களில் அது உங்கள் டொமைனிலேயே ஓடும் அபாயம் உண்டு. என்ஜின்எக்ஸ் -டி போட்டுச் சோதித்தபின் ரீலோட். பிரவுசர் பழைய கேஷைக் காட்டி ஏமாற்றும். டெர்மினலில் கர்ல் -ஐ போட்டு சர்வர் அனுப்பும் ஹெடரைப் பாருங்கள்.

ஆற்காடு:
விம் பக்கம் இரண்டு விஷயம். வரிகளை ஸ்கிரிப்ட்டுக்கு அனுப்பும் விம் கட்டளையில் டபிள்யூவுக்கும் ஆச்சரியக்குறிக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். இடைவெளி இருந்தால் வரிகள் ஸ்கிரிப்ட்டுக்குள் போகும். விட்டுவிட்டால் அந்தப் பெயரில் உள்ள ஃபைல் மேலேயே எழுதிவிடும், ஸ்கிரிப்ட்டே அழிந்துபோகும். இன்னொன்று, பாதி வரியைத் தேர்ந்தெடுத்தாலும் முழு வரிதான் போகும். அதே வரியில் பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் லிங்க்கில் ஏறிவிடும்.

சத்துவாச்சாரி:
லாக்கில் அதே 13 தான். எஃப்644 கொடுத்ததும் எல்லா லிங்க்கும் திறக்கிறது, தமிழும் சுத்தமாக வருகிறது. ரொம்ப நன்றி. ஃபைல் பெயரை 1, 2, 3 என்று வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

காட்பாடி:
மாற்றிவிடுங்கள். 7 தெரிந்தவர் 8-ஐத் தட்டிப் பார்ப்பார். ஓபன்எஸ்எஸ்எல் ராண்ட் -ஹெக்ஸ் 8 கொடுத்தால் 16 எழுத்துப் பெயர் கிடைக்கும், ஊகிக்க முடியாது. ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ஆட்டோஇண்டெக்ஸை ஆன் செய்யாதீர்கள். 30 நாள் தாண்டியதை அழிக்க க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது) ஒரு ஃபைண்ட் கட்டளை வைத்துவிடுங்கள்.

குடியாத்தம்:
இதையே வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் வைத்தால் வெளியிலிருந்து திறக்குமா அண்ணா?

காட்பாடி:
முதலில் ரவுட்டரில் வான் ஐபி (இணைய நிறுவனம் தரும் முகவரி) பாருங்கள் தம்பி. 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்கின்றன. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதைப் பைக்குத் திருப்புவது) செய்து பயனில்லை. அப்போது சிறிய வாடகை சர்வர் ஒன்று எடுத்து, பையிலிருந்து அதற்கு எஸ்எஸ்எச் ரிவர்ஸ் டனல் (சர்வருக்கு வருவதைப் பைக்குக் கொண்டுவரும் பாதுகாப்பான இணைப்பு) போட வேண்டும். கரண்ட் போய் வந்தால் டனல் தானாக எழும்பாது. அதைச் சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் தானாகத் தொடங்கி வைக்கும் ப்ரோகிராம்) எழுதி, ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று வைத்து, எனேபிளும் செய்துவிடுங்கள்.