மகனின் அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் பயணம்: எஸ்டா படிவம் பாதியில் நிற்கிறது, அவசரம்

ஐண்ட்ஹோவன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகனுடைய பள்ளியிலிருந்து 22 பிள்ளைகள் அமெரிக்கா போகிறார்கள். அங்கே ஒரு ஹைஸ்கூலோடு எக்ஸ்சேஞ்ச், ஆளுக்கொரு வீட்டில் தங்க வைக்கிறார்கள். விசாவுக்குப் பதில் இணையத்தில் எடுக்கும் எஸ்டா அனுமதியை எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி மென்டர் (வகுப்புப் பொறுப்பாசிரியர்) மெயில் போட்டிருக்கிறார். படிவம் பாதியிலேயே நின்றுவிடுகிறது, மேலே போகவே மாட்டேன் என்கிறது. கூடப் படிக்கிற எல்லாருக்கும் வந்துவிட்டது. நாங்கள் நெதர்லாந்து வந்து எட்டு மாதம்தான், யாரைக் கேட்பதென்றே தெரியவில்லை. பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். தயவுசெய்து சொல்லுங்கள்.

ரோட்டர்டாம்_அண்ணன்:
தங்கச்சி, பயப்படாதேங்கோ. எஸ்டா பெரிய வேலை இல்லை. அமெரிக்க அரசாங்கத்தின்ர தளத்திலதான் போடோணும், முகவரி டாட் ஜிஓவி எண்டு முடியோணும். கட்டணம் 40 டொலரளவு. அதைவிட நிறையக் கூடக் கேட்டா அது இடைத்தரகர்ர தளம், உடன மூடுங்கோ. பாஸ்போட்டைப் படம் எடுக்கேக்க மேல வெளிச்சம் பட்டு, அடியில இருக்கிற ரெண்டு வரி எழுத்து மங்கினாலும் படிவம் நிண்டிடும். மேசையில வைச்சு, பகல் வெளிச்சத்தில எடுங்கோ. 72 மணித்தியாலத்துக்குள்ள பதில் வந்திடும்.

ஆம்ஸ்தல்ஃபேன்_அக்கா:
எஸ்டா ஒரு பக்கம் இருக்கட்டும்மா, முதலில் இன்ஷூரன்ஸைப் பார். வந்த புதிதில் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் அதுதான். இங்கே 18 வயது வரை பிள்ளைக்கு அடிப்படை மருத்துவ இன்ஷூரன்ஸ் இலவசம் என்பதால் அது போதும் என்று நினைத்துவிடுகிறோம். வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு அது நெதர்லாந்தில் ஆகும் செலவு அளவுக்குத்தான் கொடுக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரி பில் அதற்குப் பல மடங்கு மேலே போகும், மிச்சம் உங்கள் தலையில். பயண இன்ஷூரன்ஸில் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும்: உலகம் முழுவதும் என்று இருக்கிறதா, மருத்துவச் செலவு தனியாகச் சேர்ந்திருக்கிறதா. ஐரோப்பா மட்டும் என்றிருந்தால் அமெரிக்காவில் கை உடைந்தால் பைசா வராது. பொறுப்பு இன்ஷூரன்ஸும் வேண்டும், தங்குகிற வீட்டு டிவியைத் தள்ளிவிட்டால் அதுதான் பேசும்.

உட்ரெக்ட்_ரவி:
எஸ்டாவே தவறு. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஜே-1 விசா. அதற்கான டிஎஸ்-2019 படிவத்தை அங்கத்து ஸ்பான்சர் அமைப்பு அனுப்ப வேண்டும். அதைக் கேளுங்கள்.

டென்ஹாக்_மாமா:
நான்கு பேர் பதில் சொல்வதற்குள் நான்கு கேள்வி கேட்கிறேன். பையன் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட்? எந்தத் தேதி போய் எந்தத் தேதி வருகிறான்? விமானம் எந்த ஊர் வழியாக? அவனுடைய ஐஎன்டி கார்டு (நெதர்லாந்து குடியேற்றத் துறை தரும் வசிப்பிட அனுமதி) எதுவரை? இது தெரியாமல் யார் சொல்வதும் உங்களுக்குப் பொருந்தாது.

ஐண்ட்ஹோவன்_அம்மா:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். இந்திய பாஸ்போர்ட். மே 2 கிளம்பி மே 15 திரும்புகிறார்கள். ஊர் மிச்சிகனில் ஹாலந்து. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டொரான்டோ, அங்கிருந்து கிராண்ட் ராபிட்ஸ். ஐஎன்டி கார்டில் மே 9 என்று இருக்கிறது. பையனுக்கு 15 வயது, ஹாவோ என்கிற உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் மூன்றாம் வகுப்பு. அக்டோபரில் அங்கிருந்து ஒரு பையன் எங்கள் வீட்டுக்கு வருவான். எஸ்டாவில் குடியுரிமைப் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கேதானே இருக்கிறோம், நெதர்லாந்து என்று போட்டுவிடலாமா?

டென்ஹாக்_மாமா:
போடவே கூடாது! அந்தக் கட்டம் கேட்பது பாஸ்போர்ட் கொடுத்த நாட்டை, வசிக்கிற நாட்டை அல்ல. பொய்த் தகவல் என்று பதிவானால் பையனுடைய பிற்கால விசா ஒவ்வொன்றிலும் அது எழுந்து நிற்கும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு எஸ்டா கிடையாது. வேண்டியது பி வகை விசிட்டர் விசா. இப்போது மார்ச் முதல் வாரம், இரண்டு மாதம் இருக்கிறது. நெருக்கடிதான், ஆனால் இன்று இரவே தொடங்கினால் முடியும்.

ரவி சொன்ன ஜே-1 இதற்கு இல்லை. பள்ளி மாணவர்களுக்கான ஜே-1 ஒன்று அல்லது இரண்டு செமஸ்டர் முழுதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு. இரண்டு வாரம் வீட்டில் தங்கி, வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, மதிப்பெண்ணோ கிரெடிட்டோ வாங்காமல் திரும்புகிறவன் விசிட்டர். ஆனால் நேர்காணலில் "எக்ஸ்சேஞ்ச்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னால் அதிகாரிக்கும் ரவிக்கு வந்த அதே சந்தேகம் வரும். அதனால் பள்ளிக் கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: தேதிகள், அங்கே பள்ளியில் சேர்க்கை இல்லை கிரெடிட் இல்லை என்பது, செலவு யாருடையது, கூடப் போகும் ஆசிரியர்கள் யார். அமெரிக்கப் பள்ளியிடமும் அதே வாசகத்தில் ஒரு அழைப்புக் கடிதம் வாங்குங்கள். இரண்டிலும் தேதி மாறக் கூடாது.

உட்ரெக்ட்_ரவி:
சரி, குறுகிய பயணம் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் தேதி கிடைக்காவிட்டால் சென்னையில் போட்டுவிடலாமே?

ஆம்ஸ்தல்ஃபேன்_அக்கா:
போடலாம், 2025 செப்டம்பர் முதல் குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி, இரண்டுமே இவர்களுக்குப் பொருந்தும். ஆனால் பள்ளி நாளில் பையனை இந்தியா கூட்டிப் போக விடுப்பு கிடைக்காது. இங்கே கட்டாயக் கல்வி விதி கடுமையானது, பள்ளியின் அனுமதி இல்லாமல் போனால் அபராதம் வரும். எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற நாட்கள் பள்ளி நாட்களாகவே கணக்கு, அதில் பிரச்சினை இல்லை. ஆம்ஸ்டர்டாமிலேயே முயலுங்கள்.

பிரெடா_செல்வி:
இது ஒன்றுதான் ஆற்றாமையாக இருக்கிறது. பெயர் கொடுக்கும் அன்றே பள்ளி "எந்த பாஸ்போர்ட்" என்று ஒரு வரி கேட்டிருந்தால் நவம்பரிலேயே விசா எடுத்திருக்கலாம். எல்லாப் பிள்ளையும் நெதர்லாந்து பாஸ்போர்ட் என்றே நினைத்து மெயில் எழுதுகிறார்கள். விசா 185 டாலர், மறுத்தாலும் திரும்ப வராது, போக்குவரத்து வேறு.

ரோட்டர்டாம்_அண்ணன்:
உண்மைதான் தங்கச்சி. அதோட எல்லாக் கடிதமும் டச்சில வரும், ஹவுஸ்ஆர்ட்ஸ் எண்ட குடும்ப வைத்தியரிட்ட போனா பரசிட்டமோல் எண்டுவார், ஒண்டுக்கும் அப்பொயின்ட்மென்ட் இல்லாமல் கதவு திறக்காது. புதுசா வந்த ஆக்களுக்கு முதல் வருசம் முழுக்க இந்தப் பாடுதான்.

ஆம்ஸ்தல்ஃபேன்_அக்கா:
பணம் என்று வந்ததால் ஒன்று. 2021 ஆகஸ்ட் 1 முதல், பெற்றோர் பங்களிப்புப் பணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளி நடத்தும் நிகழ்ச்சியிலிருந்து விலக்கக் கூடாது என்று சட்டம். இருமொழி வகுப்பு என்றால் விதி வேறுபடலாம், பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். விசாச் செலவு இதில் சேராது. வருமானம் குறைவான வீடு என்றால் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவும் லேர்ஹெல்ட் அறக்கட்டளையைக் கேட்கலாம்.

டென்ஹாக்_மாமா:
ஆதங்கம் நியாயம்தான், ஆனால் இந்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று இரவு: மென்டருக்கு ஆங்கிலத்தில் மூன்று வரி. இந்திய பாஸ்போர்ட், எஸ்டா பொருந்தாது, விசா விண்ணப்பிக்கிறோம், இந்தக் கடிதங்கள் தேவை. வெள்ளிக்கிழமை ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் நேர்காணல் உறுதிப் பக்கத்தை அனுப்புகிறோம்.

அடுத்து டிஎஸ்-160, அதாவது இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பப் படிவம். 20 நிமிடம் எதுவும் தட்டாமல் விட்டால் அது வெளியே தள்ளிவிடும், அதனால் முதல் பக்கத்திலேயே வரும் விண்ணப்ப எண்ணை எழுதி வையுங்கள். படம் 5 செ.மீ.க்கு 5 செ.மீ., வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது. ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகப் பெயர்கள் எல்லாம் கேட்கும், பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். நம்மவர்களுக்குச் சிக்குகிற இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து போட வேண்டும். விசாவும் அப்படியேதான் அச்சாகும். பள்ளி டிக்கெட் போட்டது பாஸ்போர்ட்டைப் பார்த்தா, வகுப்புப் பட்டியலைப் பார்த்தா என்று கேளுங்கள். கூப்பிடும் பெயரில் டிக்கெட் இருந்தால் இப்போதே திருத்த வேண்டும், விமான நிலையத்தில் முடியாது.

சமர்ப்பித்ததும் பார்கோடு உள்ள பக்கம் வரும். அந்த எண்ணும் நேர்காணல் பதிவில் கொடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை திருத்த இரண்டாவது படிவம் போட்டால் எண் மாறிவிடும், பழைய எண்ணோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டணம் கட்டி, கிடைக்கிற முதல் தேதியை எடுத்துவிட்டு, பிறகு பள்ளிக் கடிதத்தோடு முன்கூட்டித் தரும்படி கோரிக்கை வையுங்கள். கொடுப்பது அவர்கள் விருப்பம். தினமும் காலையில் பக்கத்தைத் திறந்து பாருங்கள், யாராவது ரத்து செய்தால் இடம் வரும். நேர்காணல் நடக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் ஆம்ஸ்டர்டாம் மியூசியம்பிளைனில் இருக்கிறது. லேப்டாப், பெரிய பை வேண்டாம்.

அடுத்தது ஐஎன்டி கார்டு. யாரும் கவனிக்காத பெரிய ஓட்டை இதுதான். மே 9 முடிந்து மே 15 திரும்பினால், விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே நீட்டிப்பு போடலாம், அதாவது பிப்ரவரியிலேயே திறந்துவிட்டது. உங்கள் கணவரின் கம்பெனியே போடுகிறதா என்று இன்றே கேளுங்கள். ஏப்ரல் நடுவுக்குள் புதுக் கார்டு கைக்கு வராவிட்டால் ஐஎன்டி அலுவலகத்தில் திரும்பிவரும் விசா வாங்க வேண்டும், அது பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கர். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் இருக்கிற நாட்களில் அதைச் செய்ய முடியாது, தேதிகளை மோதவிடாதீர்கள்.

மூன்றாவது டொரான்டோ. விமானம் மாறுவதற்குக்கூட இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும். மறுபடி பாஸ்போர்ட்டைக் கொடுத்துக் காத்திருப்பது இந்தக் கால அளவில் ஆபத்து. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் நேர் விமானம் உண்டு, அங்கிருந்து ஹாலந்து ஊருக்கு மூன்று மணி நேரம்போல ரோடு வழி. ஒரு ஆசிரியரோடு இவனை மட்டும் அதில் மாற்றப் பயண ஏஜென்சியிடம் விலை கேளுங்கள்.

பிரெடா_செல்வி:
பெற்றோர் கூடப் போகாததால் ஒப்புதல் படிவமும் வேண்டும். மைனர் பிள்ளை வெளிநாடு போவதற்கென்று மாரெஷோசே (எல்லைக் காவல் படை) வெளியிட்ட படிவம் இணையத்தில் இருக்கிறது. இருவரும் கையெழுத்திட்டு, இருவர் பாஸ்போர்ட் நகலும் வைத்து, ஒரு பிரதி பையனிடம், ஒன்று ஆசிரியரிடம். சைவமா? "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதாதீர்கள், கோழிச் சாறு ஊற்றிய சூப்பை அதில் சேர்த்துவிடுவார்கள். மாடு, கோழி, மீன், ஜெலட்டின் கூடாது, முட்டையும் பாலும் சரி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

ஆம்ஸ்தல்ஃபேன்_அக்கா:
இன்னொன்று, அங்கே 16 வயதுப் பிள்ளையே கார் ஓட்டி வந்து நிற்பான். மிச்சிகனில் அந்த லைசென்ஸுக்கு இரவு 10 முதல் காலை 5 வரை ஓட்டக் கூடாது, 21 வயதுக்குக் கீழே ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம், பள்ளிக்கோ வேலைக்கோ போக வருவது போன்ற சிலவற்றுக்கு விலக்கு. மாணவர் ஓட்டும் காரில் ஏறலாமா என்று பள்ளி விதியில் பார்த்துப் பையனிடம் சொல்லி அனுப்புங்கள். மேயில் போவதால் அந்த ஊரின் டியூலிப் டைம் பூ விழா நேரம், ஹைஸ்கூல் பிள்ளைகள் மரச் செருப்பு போட்டுத் தெருவில் ஆடுவார்கள். இவனையும் ஆடக் கூப்பிட்டால் தடிமனான காலுறை பல ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும், இல்லையென்றால் குதிகால் தோல் உரிந்துவிடும். நான்கு ஜோடி வைத்து அனுப்புங்கள்.

ஐண்ட்ஹோவன்_அம்மா:
மாமா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. மென்டருக்கு மெயில் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலிதான், டிக்கெட்டில் அவன் அப்பா பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், காலையில் ஏஜென்சியைக் கூப்பிடுகிறேன். ஐஎன்டி நீட்டிப்பு கம்பெனி இன்னும் போடவில்லையாம், நாளைக்கே போடுகிறோம் என்றார்கள். டிஎஸ்-160-இல் அமெரிக்க முகவரி கேட்கிறது, தங்கும் வீடு இன்னும் ஒதுக்கவில்லை. என்ன போடுவது?

டென்ஹாக்_மாமா:
அங்கத்துப் பள்ளியின் முகவரியைப் போடுங்கள், தொடர்பு நபராக அங்கே பொறுப்பில் இருக்கும் ஆசிரியர். அழைப்புக் கடிதத்திலும் அதே முகவரி இருக்கட்டும். விசா ஒட்டி பாஸ்போர்ட் வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், பிழை இருந்தால் அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும்.