பரு மாத்திரை ஆரம்பித்த பிறகு தம்பி ஒரு மாதிரி இருக்கிறான்

மதுரை அக்கா:
தம்பிக்கு 19 வயது. முகம், முதுகு எல்லாம் பரு. தோல் டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார், பருவும் நன்றாகவே அடங்குகிறது. ஆனால் கொஞ்ச நாளாக ராத்திரி தூங்குவதில்லை, கிரிக்கெட்டுக்குப் போவதில்லை, ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். பரீட்சை டென்ஷன் என்கிறார் அம்மா. மாத்திரையால் இப்படி வருமா? நிறுத்தச் சொல்லலாமா?

மருந்துக்கடைக்காரர்:
டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள், மனச்சோர்வு பற்றி எழுதியிருக்கும். 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து இது, 1998இலேயே அங்கே அந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 2023இல், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்து எழுதித் தரும் தகுதியுள்ள இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் தொடங்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். இங்கே பழைய சீட்டையே மாதாமாதம் நீட்டி வாங்கிப் போகிறார்கள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பருவோடு வளர்ந்தவன்:
பழி முழுவதையும் மாத்திரை மேல் போட்டுவிட முடியாது. ஸ்வீடனில் 1980களில் இதைச் சாப்பிட்ட 5,756 பேரைப் பற்றிய ஆய்வு 2010இல் வந்தது. அவர்களிடையே தற்கொலை முயற்சிகள் மருந்து தொடங்கும் முன்பே கூடிக்கொண்டு வந்திருந்தன, அந்தக் கடுமையான பருவே ஆளை நொறுக்கிவிடும், அது எனக்குத் தெரியும். ஆனால் மருந்து முடிந்த பிறகும் ஆறு மாதம் வரை ஆபத்து அதிகமாகவே இருந்தது. 2023இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை என்றுதான் வந்தது. அப்படியிருந்தும் சிலருக்கு மனநிலை மாறுவதை டாக்டர்கள் பார்க்கிறார்கள், உங்கள் தம்பி அந்தச் சிலரில் ஒருவராக இருக்கலாம்.

செவிலியர்:
அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், நாளைக்கே டாக்டருக்கு போன் செய்யுங்கள். இதை நடுவில் நிறுத்தினால் பரு திரும்ப வரலாம், அவ்வளவுதான், நிறுத்துவதால் உடம்புக்கு ஆபத்து இல்லை. இன்றைக்கு ராத்திரியே தம்பியிடம் "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு, தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வு இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், இந்த மருந்தே வைட்டமின் ஏ வகைதான், இரண்டும் சேரக்கூடாது. வைட்டமின் ஏ மாத்திரை ஏதாவது சேர்த்துச் சாப்பிடுகிறானா?

மதுரை அக்கா:
கேட்டேன். சாகிற எண்ணம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்று சொல்லி அழுதுவிட்டான். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி நேரில் வரச் சொன்னார். ஜிம்மில் கொடுத்த சத்து மாத்திரை ஒன்றும் சாப்பிடுகிறானாம், அதில் வைட்டமின் ஏ இருக்கிறது. அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.