சிரிக்க வைத்தவர்கள் வேறு வேடத்தில் வந்தபோது

பின்வரிசைக்காரன்:

சிரிப்பு நடிகர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவரை இயக்குநராகவோ பாடகராகவோ எழுத்தாளராகவோ எதிர்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? கேள்விப்பட்ட கதைகள் வேண்டாம். பார்த்தது, கேட்டது, படித்தது மட்டும் எழுதுங்கள்.

நானே தொடங்கிவைக்கிறேன். தக்கேஷி கித்தானோ இயக்கி நடித்த 'ஹானா-பி' என்ற ஜப்பானியப் படத்தை, அவர் யாரென்று தெரியாமலே பார்த்தேன். படம் முழுக்க இறுகிய முகம், எண்ணி எடுத்தது போல் பேச்சு. சண்டை வரப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்கார்வதற்குள் சண்டை முடிந்து, ஆள் கீழே கிடக்கிறான். அடுத்த வினாடி கடற்கரையில் அமைதி. பிறகு ஒரு நாள் பழைய தொலைக்காட்சிக் காட்சி ஒன்றில் அதே மனிதர் கோமாளி உடையில் குதித்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் அவர் 'பீட் தக்கேஷி'. இரண்டு பேர் மேடையில் நின்று மாற்றி மாற்றிப் பேசிச் சிரிக்கவைக்கும் மான்சாய் கலையில் பெயர் வாங்கியவர். அதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி பார்த்தபோது அந்தப் படத்தொகுப்பு வெட்டுகளின் கணக்குப் பிடிபட்டது. எதிர்பார்க்கவைத்து, எதிர்பார்த்த இடத்தில் தராமல், அரை நொடி தள்ளித் தருவது. மேடைத் துணுக்கும் அப்படித்தானே நடக்கிறது?

1983-இல் ஒரு போர்ப்படத்தில் கொடூரமான சார்ஜெண்டாக நடித்தார். தியேட்டரில் மக்களோடு உட்கார்ந்து பார்க்கப் போனால், திரையில் தன் முகம் தெரிந்ததுமே அரங்கம் சிரித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு 1989-இல் முதல் படத்தை இயக்கினார். 1997-இல் 'ஹானா-பி'க்கு வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் கிடைத்தது. நடுவில் 1994-இல் மோட்டார் சைக்கிள் விபத்து, முகத்தில் ஒரு பக்கம் செயலிழப்பு. தேறிவந்த காலத்தில் வரையத் தொடங்கினார். படத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் பாத்திரம் வரைவதாக வருகிற ஓவியங்கள், மிருக உடலில் பூவைத் தலையாக வைத்தவை, எல்லாம் அவர் கையால் வரைந்தவை. அந்த ஓவியங்களில் வரும் சிங்கத்தின் சூரியகாந்தி முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தந்திக்கருவி மாணவி:

எனக்கு அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின். பாஞ்சோ என்ற தந்திக்கருவி பழகும் என்னிடம் ஆசிரியர் பெயர் சொல்லாமல் ஓர் இசைத்தொகுப்பைக் கொடுத்து, "வலது கையைக் கவனி" என்றார். நகத்தின் பின்பக்கத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி, கட்டைவிரலை ஐந்தாவது தந்தியில் இறக்கும் பழைய பாணி. வேகத்துக்காக வேகம் காட்டாத வாசிப்பு. நாலைந்து பாடல்கள் கேட்டு முடித்த பிறகுதான் பெயரைச் சொன்னார். தலையில் அம்பு குத்தியது போன்ற வேடிக்கைப் பட்டையோடு மேடையேறிய அந்த மனிதரா என்று கேட்டேன். "அப்போதும் கையில் பாஞ்சோதானே இருந்தது, யார் கேட்டார்கள்?" என்றார் ஆசிரியர்.

உண்மைதான். மேடை நகைச்சுவையில் உச்சத்தில் இருந்தவர் 1981 வாக்கில் அதை விட்டுவிட்டார். நாடகம் எழுதினார், குறுநாவல் எழுதினார். 2009-இல் வந்த அந்தத் தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. புகழுக்காக வேறு துறைக்குத் தாவுகிறவர்கள் மேல் எனக்குப் பொதுவாக மரியாதை கிடையாது. இவர் தாவவில்லை, வேடிக்கைப் பொருளாக வைத்திருந்ததை முன்னால் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

நள்ளிரவுக் காட்சி:

ஜோர்டன் பீல் எழுதி இயக்கிய திகில் படம் 'கெட் அவுட்' (2017). படம் பார்க்காதவர்கள் என் பதிவைத் தாண்டிவிடுங்கள். கடைசியில் கறுப்பின இளைஞன் இரத்தக் கறையோடு சாலையில் இருக்கிறான், காவல் வண்டி போல விளக்கு சுழன்று வருகிறது. எங்கள் அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவு திறந்தது, அதில் 'விமான நிலையம்' என்று எழுதியிருந்தது. இறங்கியவன் விமான நிலையப் பாதுகாப்பில் வேலை செய்யும் அவனுடைய நண்பன்! கைதட்டலும் சிரிப்பும் அடங்க வெகுநேரம் ஆனது. தொலைக்காட்சியில் ஐந்து பருவம் குறுநகைச்சுவை நாடகம் எழுதி நடித்தவருக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும். ஆஸ்கரும் திரைக்கதைக்குத்தான் கிடைத்தது.

பழைய இதழ்கள்:

எல்லோரும் வெளிநாட்டுக்கே போய்விட்டீர்களே! நான் சோவை எழுத்தில்தான் முதலில் சந்தித்தேன். வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகத் 'துக்ளக்' இருந்தது. கேள்வி பதில் பகுதியை மட்டும் புரட்டிப் புரட்டிப் படிப்பேன். கேள்வி பத்து வரி இருக்கும், பதில் ஒற்றை வரியில் முடிந்துவிடும். அதே ஆள் சினிமாவில் மொட்டைத் தலையும் பெரிய கண்ணாடியுமாய் உருட்டி விழித்ததைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பதில்களில் கேட்ட குரல்தான். 1970-இல் பத்திரிகை தொடங்கும் முன்பே 'முகமது பின் துக்ளக்' நாடகத்தால் அந்தக் குரல் ஊருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அரசியலோடு எனக்கு ஒத்துப்போகாத இடங்கள் ஏராளம். ஆனால் நீட்டி முழக்கும் தலையங்கத் தமிழுக்கு நடுவே அந்தச் சுருக்கம் பெரிய நிம்மதி.

சந்திரபாபு விஷயம் வேறு. 'அன்னை' படத்தில் அவர் பாடிய சோகப் பாட்டை வானொலியில் கேட்டு, உருகிப் பாடும் ஒரு பெரியவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். திரையில் பார்த்தால் உடம்பில் எலும்பே இல்லாதவர் போல் ஆடுகிறார்! பாடகராக அவரை இன்றும் கொண்டாடுகிறோம். இயக்குநராக அவருக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. இங்கே வெற்றிகளை மட்டும் அடுக்குகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

தந்திக்கருவி மாணவி:

சாப்ளினை யாரும் சொல்லவில்லையே. போட்டிப் பிரிவில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் இசைக்கு! 1952-இல் வந்த 'லைம்லைட்' படம், லாஸ் ஏஞ்சலிஸில் திரையிடப்படவே இருபது ஆண்டுகள் ஆனதால் விருது 1973-இல் வந்தது. அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. மெட்டை முனகியும் வாசித்தும் காட்டுவார், உதவியாளர்கள் எழுதிக்கொள்வார்கள்.

பின்வரிசைக்காரன்:

பழைய இதழ்கள் சொன்னது நியாயம். சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) படத்தை அந்தக் காலத்திலேயே தியேட்டரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவர் முகம் தெரிந்ததும் அரங்கம் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.